தடை கம்பியில் இல்லை, சந்தியில்

கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய வெள்ளி இழைகளான நானோகம்பிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வெள்ளியின் கடத்துதிறனிலிருந்தே தொடங்குகிறது. உலோகங்களில் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கம்பிகளைக் கண்ணாடியின் மேல் பரப்பி, சூரிய மின்கலத்துக்கு ஒளிபுகும் மின்முனையாக ஆக்கும்போது, மின்தடையில் பெரும்பங்கு ஒரு கம்பி இன்னொன்றின் மேல் கிடக்கும் சந்திகளிலிருந்து வருகிறது. பெங்களூரில் இந்தப் பொருளோடு நாள்தோறும் புழங்குகிற எனக்கு, மற்றக் கேள்விகள் எல்லாம் இதற்கு அடுத்தபடியாகவே தோன்றுகின்றன.

ஒளிபுகும் மின்முனைக்கு இப்போது பரவலாகப் பயன்படும் இண்டியம் டின் ஆக்சைடு நல்ல பொருள். ஆனால் வெற்றிடக் கருவியில்தான் பெரும்பாலும் அதைப் படிய வைக்கிறார்கள். வளைத்தால் விரிசல் விடும். அதிலுள்ள இண்டியம் பெரும்பாலும் துத்தநாகச் சுத்திகரிப்பின் துணைவிளைபொருளாகவே கிடைக்கிறது. நானோகம்பியையோ மைபோலத் திரவத்தில் கலந்து, சாதாரண அறையிலேயே பூசிவிடலாம்.

அந்த மையைச் செய்யும் முறையிலேயே சந்திச் சிக்கலின் வேரும் இருக்கிறது. சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூட்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் சில்வர் நைட்ரேட்டையும் பிவிபி என்ற பாலிமரையும் சேர்க்கிறோம். பாலிமர் படிகத்தின் பக்கவாட்டு முகங்களைப் பற்றிக்கொள்வதால், புதிய வெள்ளி அணுக்கள் இரு முனைகளில் மட்டும் சேர்ந்து, சில பத்து நானோமீட்டர் தடிமனும் பல மைக்ரோமீட்டர் நீளமும் கொண்ட கம்பிகள் வளர்கின்றன. முடிந்த கரைசலை மெல்லச் சுழற்றினால் சாம்பல் நிறத்துக்குள் பட்டுப்போன்ற மினுமினுப்பு அலையலையாக ஓடும்; கம்பிகள் நன்றாக வந்திருக்கின்றன என்பதற்கு அதுவே முதல் அடையாளம். வளர்ச்சிக்கு உதவிய அதே பாலிமர்தான் பிறகு மின்காப்பு உறையாகத் தங்கி, கம்பிகள் ஒன்றையொன்று தொடுமிடத்தில் குறுக்கே நிற்கிறது.

சுமார் 200 டிகிரியில் சூடாக்கினால் சந்திகள் ஒட்டிக்கொள்ளும். அளவு மீறினால், வெள்ளியின் உருகுநிலையான 962 டிகிரிக்கு வெகு கீழேயே, கம்பிகள் துண்டுபட்டு மணிமணியாகத் திரண்டுவிடும். 2012-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒளியைக் கொண்டே சந்திகளைப் பற்றவைத்துக் காட்டினார்கள். இரு கம்பிகளுக்கிடையேயுள்ள நுண்ணிய இடைவெளியில் ஒளி குவிவதால் வெப்பம் அங்கே மட்டும் எழும். கம்பிகள் இணைந்ததும் அந்த இடைவெளி மறைவதால் வெப்பமும் தானே அடங்கிவிடும். இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் மிக அழகான வேலை இது.

எங்கள் ஊரின் ஜக்கூரில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில், ஜி. யு. குல்கர்னியின் குழு சந்தியே இல்லாத வழியை எடுத்துக்கொண்டது. வற்றிய ஏரியின் வண்டல் வெடிப்பதைப்போல் உலரும்போது வெடிக்கும் ஒரு படலத்தைப் பூசி, வெடிப்புகளுக்குள் உலோகத்தைப் படியவைத்து, பிறகு படலத்தைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள். எஞ்சும் வலை ஒரே தொடர்ச்சியான உலோகம் என்பதால், கம்பிமேல் கம்பி ஏறும் மேடும் அங்கே இல்லை. கரிமச் சேர்மங்களால் ஆன சூரிய மின்கலத்தில் ஒளியை உறிஞ்சும் படலம் சில நூறு நானோமீட்டருக்குள் அடங்கிவிடுவதால், நானோகம்பி மின்முனையில் இருக்கும் அந்த மேடு படலத்தைத் துளைத்துக் குறுஞ்சுற்று உண்டாக்கக்கூடும். ஆனாலும் வலையின் கண்களுக்குள் பிறக்கும் மின்னூட்டம் கம்பிவரை பக்கவாட்டில் வந்துசேர வேண்டும். அதற்கு மெல்லிய கடத்துபடலம் ஒன்று கண்களை நிரப்ப வேண்டும். கண்கள் பெரிதாகப் பெரிதாக அதன் பொறுப்பும் கூடுகிறது.

அடுத்த கவலை ஆயுள். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பூசையறை வெள்ளி விளக்கைக் கருக்கும்போது மேற்பரப்பு மட்டுமே கெடுகிறது. இவ்வளவு மெல்லிய கம்பிக்கோ அதுவே முழு உடலையும் அரித்துவிடும். பெரோவ்ஸ்கைட் என்ற படிகப்பொருள் ஒளியை உறிஞ்சும் மின்கலத்தில், அதிலுள்ள அயோடைடும் வெள்ளியைத் தாக்கிச் சில்வர் அயோடைடாக மாற்றுகிறது. துத்தநாக ஆக்சைடு போன்ற மெல்லிய காப்புறை இரண்டையும் தாமதப்படுத்துகிறது. ஆகவே புதிதாகச் செய்த மின்முனையின் எண்களைக் காட்டிலும், உறையிட்டுப் பல மாதம் வெயிலிலும் ஈரத்திலும் வைத்தபின் அதன் தடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையே கட்டுரைகளில் நான் முதலில் தேடுகிறேன்.