நவம்பர் 24க்காகக் காத்திருந்தவன்

நவம்பர் 2, 2025

மறைந்த நண்பன் வீட்டிலிருந்து அவன் தொலைநோக்கியை எடுத்து வந்தேன். எட்டு மாதமாக உறையைக்கூட யாரும் கழற்றவில்லையாம். "அப்பாவின் நோட்டும் இதோடுதான் இருக்க வேண்டும் மாமா" என்று அவன் மகள் ஒரு தடித்த நோட்டையும் என் கையில் கொடுத்தாள்.

இரவு முழுக்க அதைத்தான் படித்தேன். அது நாட்குறிப்பு அல்ல, பக்கத்துக்குப் பக்கம் கேள்விகள். "அடிவானத்து நிலா ஏன் பெரிதாகத் தெரிகிறது?" அதன் கீழே: "கையை நீட்டி நாணயத்தால் மறைத்து அளந்தேன். உச்சியில் இருக்கும்போதும் அதே அளவுதான். ஏமாற்றுவது நிலா இல்லை, மூளை." "எறும்பு தூக்கிக்கொண்டு ஓடுவது முட்டையா?" என்ற கேள்விக்குக் கீழே: "லென்ஸில் பார்த்தேன். பெரும்பாலும் முட்டை இல்லை, கூட்டுப்புழு!" ஆச்சரியக்குறி மூன்று வரி உயரம். "கொட்டாவி ஏன் தொற்றுகிறது?" என்பதற்குக் கீழே மட்டும் அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறான்.

கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: "நவம்பர் 24, 2025. சனிக் கோள். தவறவிடக் கூடாது."

நவம்பர் 8

கண்ணாடியில் படிந்த தூசியை ஊதுபந்தால் ஊதி எடுத்தேன். துடைக்கப் பயம். ஆறு அங்குலக் கண்ணாடி, அவன் கையாலேயே தேய்த்தது. இரண்டு வட்டக் கண்ணாடிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நடுவே கார்போரண்டம் என்ற தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் விட்டு, மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து மாதக்கணக்கில் தேய்த்தான். மேலே இருப்பது குழியும், கீழே இருப்பது புடைக்கும். அது தானாகவே கோள வடிவத்துக்கு வந்துவிடுகிறது என்பதை அவனால் கடைசிவரை சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு நள்ளிரவில் போன் செய்து "உடனே வா" என்றான். இருட்டறை, ஊசித்துளை விளக்கு, ஒரு சவர பிளேடு. 1850களில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ கண்டுபிடித்த சோதனை அது. பிளேடின் ஓரமாகப் பார்த்தால் கண்ணாடியின் மேடுபள்ளமெல்லாம் நிழல் விழுந்த நிலப்பரப்பு போலத் தெரியும். அவன் கண்ணாடிமேல் கட்டைவிரலைச் சில நொடி வைத்து எடுத்தான். விரல் சூட்டில் கண்ணாடி வீங்கி அந்த இடத்தில் ஒரு குன்று எழுந்து நின்றது. பிறகு மெல்ல, மிக மெல்ல அடங்கியது. "பார்த்தாயா, பார்த்தாயா!" என்று என் தோளை உலுக்கிக்கொண்டே இருந்தான். அந்தப் பிடி இன்னும் தோளில் இருக்கிறது.

நவம்பர் 15

மேகம். ஒன்றும் தெரியவில்லை.

2023 டிசம்பர் 9 நினைவுக்கு வந்தது. "ஹாலி வால்மீன் இன்று கடைக்கோடியைத் தொட்டுத் திரும்புகிறது. இனி நம்மை நோக்கித்தான் வரும்" என்று அன்று அவன் குதித்தான். 1986இல் பதினொரு வயதில் அதைப் பார்த்தவன். 2061இல் எண்பத்தாறு வயதில் மறுபடி பார்ப்பேன் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். ஐம்பதிலேயே போய்விட்டான். இதை எழுதும்போது கோபம்தான் வருகிறது.

நவம்பர் 24

வானம் திறந்திருந்தது. மகளையும் வரச் சொல்லியிருந்தேன். பிறை இறங்கும்வரை காத்திருந்தோம்.

சனியின் வளையம் சுமார் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை நமக்கு விளிம்பைக் காட்டும். இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் விரிந்திருந்தாலும் அதன் தடிமன் பெரும்பாலும் சில பத்து மீட்டருக்குள்தான். 1612இல் அது மறைந்தபோது கலிலியோவே திகைத்துப்போனார். 2009 செப்டம்பரிலும் இந்த மார்ச்சிலும் அது நேர்விளிம்பாகத் திரும்பிய நேரத்தில் சனி சூரியனுக்கு அருகில் இருந்ததால் பார்க்க வழியில்லை. இந்த நாட்களில் வளையம் மறுபடி ஏறக்குறைய அதே நிலைக்கு வருகிறது என்பதால்தான் தேதியைக் குறித்து வைத்திருக்கிறான்.

கண்வில்லையில் வெளிர்மஞ்சள் உருண்டை. அதன் இருபுறமும் முடியளவு கோடு. மூச்சை அடக்கினால்தான் நிலைத்தது. "பார்த்தாயா!" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது, யாரிடம் சொல்கிறேன் என்று யோசிப்பதற்குள்.

மகள் நெடுநேரம் குனிந்திருந்தாள். "மாமா, கோட்டுக்கு நேராகத் தள்ளி ஒரு புள்ளி இருக்கிறதே, அது சனியின் நிலவா, நட்சத்திரமா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கடைசிப் பக்கத்திலேயே அவள் உருண்டையையும் கோட்டையும் புள்ளியையும் வரைந்து, பக்கத்தில் மணி எழுதினாள்: 8.40. நட்சத்திரமானால் சனிதான் அதைவிட்டு விலகும், நிலவானால் கோட்டை ஒட்டியே நிற்கும். நாளை அதே நேரத்துக்கு வருகிறாள்.