நைரோபியிலிருந்து என்டெபே: பறப்பது கொஞ்சம், காத்திருப்பது மிச்சம்

கென்யாவின் நைரோபியிலிருந்து உகாண்டாவின் கம்பாலாவுக்குப் பஸ்ஸில் போனால் நகுரு, எல்டோரெட் வழியாக விக்டோரியா ஏரியை வடக்கே சுற்றிக்கொண்டு 650 கிலோமீட்டர். எல்லையில் இறங்கி ஏறுவதையும் சேர்த்தால் ஒரு ராத்திரி முழுக்கப் போய்விடும். விமானம் ஏரிக்கு மேலேயே குறுக்கே போவதால் ஜோமோ கென்யாட்டா விமான நிலையத்திலிருந்து, கம்பாலாவுக்கான விமான நிலையம் இருக்கும் என்டெபேக்கு சுமார் 520 கிலோமீட்டர்தான். டிக்கெட்டில் 1 மணி 15 நிமிடம் என்று போட்டிருந்தது. இரண்டு ஊருக்கும் ஒரே நேரம், கடிகாரத்தைத் திருப்பும் வேலையும் இல்லை.

ஆனால் அந்த ஒன்றேகால் மணியை நம்பி மத்தியானம் கம்பாலாவில் யாரையாவது பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்து நாடுதான் என்றாலும் இது சர்வதேச விமானம். மூன்று மணி நேரம் முன்னாலேயே வரச் சொல்வார்கள். நைரோபி விமான நிலையத்துக்குள் நுழையும் முன்பே ஒரு சோதனை. பயணிகள் டாக்ஸியிலிருந்து இறங்கி ஸ்கேனர் வழியாக நடக்க வேண்டும். டாக்ஸி தனியாகச் சோதனை முடிந்து அந்தப் பக்கம் வந்து நம்மை ஏற்றிக்கொள்ளும். பாஸ்போர்ட்டையும் போனையும் வண்டியில் விட்டுவிட்டு இறங்காமல் இருப்பது உத்தமம்.

சின்ன எம்ப்ரேயர் விமானம். பக்கத்துக்கு இரண்டு சீட், நடு சீட் என்ற தொல்லையே கிடையாது. நான் வலது ஜன்னல் கேட்டு வாங்கியிருந்தேன். மேகம் விலகியிருந்ததால் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பு சட்டென்று கீழே சரிவது தெரிந்தது. லோங்கோனோட் எரிமலையின் வட்டமான வாய், அதற்கு அப்பால் நைவாஷா ஏரி. பிறகு பச்சை மலைகள். அதற்கப்புறம் விக்டோரியா ஏரி வந்தது, வந்துகொண்டே இருந்தது. 68,800 சதுர கிலோமீட்டர். பரப்பளவில் இலங்கையைவிடப் பெரியது. அதை ஏரி என்று சொல்லவே மனம் வரவில்லை. இறங்கும்போதும் சக்கரம் தண்ணீரில்தான் படப்போகிறதோ என்று தோன்றும்படி தாழ்ந்து வந்தது. என்டெபே நிலநடுக்கோட்டுக்குச் சில கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. ஆக, தெற்கு அரைக்கோளத்தில் ஏறி வடக்கில் இறங்குகிறோம். விமானத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதே வழியில் 1976 ஜூலை 4 அதிகாலை, இதற்கு எதிர்த்திசையில், இஸ்ரேலின் ஹெர்குலிஸ் விமானங்கள் போயின. கடத்தப்பட்ட ஏர் பிரான்ஸ் விமானத்தின் பயணிகளை என்டெபேயின் பழைய முனையத்திலிருந்து மீட்டுக்கொண்டு, எரிபொருள் நிரப்ப நைரோபியில் இறங்கின. உயிர் தப்பியவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போயிருக்கும்!

என்டெபேயில் இறங்கியதும் கேட்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை. சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளலாம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். ஊர் திரும்பும்போது நம்மூர் விமான நிலையத்திலும் கேட்பார்கள், பத்திரம். விசாவுக்கு, கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து 100 டாலரில் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா இருக்கிறது. முதலில் எந்த நாட்டில் இறங்குகிறீர்களோ அங்கே விண்ணப்பிக்க வேண்டும்.

என்டெபேயிலிருந்து கம்பாலா இன்னும் 40 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ்வே வழியாக நகர எல்லை வரை டாக்ஸி பறந்தது. அதற்குப் பிறகு ‘போடா போடா’ என்று அங்கே சொல்லும் பைக் டாக்ஸிகளுக்கு நடுவே ஊர்ந்தது. சாயங்கால விமானத்தில் வருபவர்கள் என்டெபேயிலேயே அறை எடுத்துத் தூங்கிவிட்டு, காலையில் கம்பாலாவுக்குக் கிளம்புவது மேல்.