கடைசி 300 அங்குலம்

ஒட்டுப்போர்வை தைக்கிறவர்கள் பாதியில் விடுகிற இடம் அனேகமாக ஒன்றுதான். அப்பப்பாவின் சாரம், அம்மம்மாவின் நூல் சீலை, பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிக்கூட உடுப்பு எல்லாம் பொருத்தி மேற்துணி முடிந்துவிடும். பிறகு அது அலுமாரிக்குள் மடித்தபடி கிடக்கும். 60க்கு 90 அங்குலப் போர்வைக்குச் சுற்றுவிளிம்பு 300 அங்குலம். இழுபடுவதும் உரசுவதும் அந்த விளிம்புதான். அதை நம்பி முடிக்க வேண்டுமானால் துணியைத் தெரிவுசெய்யும்போதே கவனமாக இருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த தலைமுறையின் துணிகள் இவை. ஒரு சீலை முதலில் கோயிலுக்கு, பிறகு வீட்டுக்கு, பிறகு பிள்ளைக்கு ஏணை, கடைசியில் அடுப்படியில் சட்டி இறக்க. ஆகவே பெட்டகத்தில் மிஞ்சியதும் ஏற்கெனவே நன்றாக உழைத்த துணிதான். எங்கே தேய்ந்திருக்கும் என்பதை உடுத்த விதமே சொல்லும். சாரம் இருக்கையில் தேயும். சீலை, கொய்யகம் நிலத்தில் உரசும் கீழ்விளிம்பில் தேயும். தலைப்பு அனேகமாகப் புதுசுபோல இருக்கும். வேட்டி மடிப்புக் கோட்டில் இற்றுப்போகும். யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் தேய்ந்த இடம் வலைபோலத் தெரியும். பிறகு இரண்டு பெருவிரலாலும் நெடுக்கிலும் குறுக்கிலும் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். இழை விலகி மீளாமல் நின்றால் அந்தத் துண்டு தனியே ஆகாது, யாருடையதாக இருந்தாலும். மனம் கேளாமல் சேர்த்தால் இரண்டாம் தோய்ப்பிலேயே கிழிந்து பக்கத்துத் தையலையும் இழுத்துக்கொண்டு போகும். விட மனமில்லையென்றால் பின்னால் ஒரு வொயில் (மெல்லிய நூல்துணி) துண்டை வைத்து இரண்டையும் ஒன்றாக வெட்டித் தைக்கலாம். அப்படித் தைத்த துண்டு நின்றுபிடிக்கும்.

தோய்க்கும்போது குடாநாட்டுக் கிணற்றுநீரின் சுண்ணாம்பை மறக்கக் கூடாது. சவர்க்காரம் நுரைக்காமல் இழைக்குள் படிந்து துணியை விறைக்க வைக்கும், கையூசி இறங்காது. கடைசி அலசலில் வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி போதும். சிவப்பு, கடுநீலச் சாரங்களை ஈரமாக வெள்ளைத் துணியில் வைத்து அயன் பண்ணிப் பார்த்து, சாயம் ஒட்டினால் ஒதுக்கிவிடுங்கள்.

இந்த வெக்கைக்கு நடுவில் பஞ்சு வேண்டாம். இரண்டு பழைய நூல் சீலைகள் போதும், சீலைக்கு ஒரு படை. கரையை முழுக்க வெட்டி எடுக்க வேண்டும். நெருக்கமாக நெய்த கரை வேறுவிதமாகச் சுருங்கி வரம்பாகத் தடிக்கும். அடித்துணிக்கு எட்டு முழ வேட்டியை நடுவில் வெட்டி நெடுக்காகப் பொருத்தினால் ஏறக்குறைய 72க்கு 99 அங்குலம் வரும்.

அடித்துணியைச் சீமெந்து நிலத்தில் விரித்து ஓரங்களை ரேப்பால் ஒட்டி, மற்றவற்றை மேலே தடவி விரிக்க வேண்டும். நடுவிலிருந்து வெளியே, நாலங்குல இடைவெளியில் தற்காலிகமாக நூலோட வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் காற்றடைத்ததுபோலச் சுருக்கம் சேரும், பிறகு போகாது. நிரந்தரத் தையலுக்குப் பருத்தி நூல், 18 அங்குலத்துக்கு மேல் நீளம் வேண்டாம். பொலியெஸ்ரர் நூல் பழைய பருத்தியைவிட வலுவானது; இழுபடும்போது நூல் அறாது, துணியை அறுக்கும்.

இனி அந்த 300 அங்குலம். முதலில் போர்வையின் அகலத்தை ஓரத்தில் அல்ல, நடுவில் அளக்க வேண்டும். தைத்துத் தைத்து ஓரம் இழுபட்டிருக்கும். அந்த அளவில் விளிம்பை மூடும் பட்டியை வைத்தால் விளிம்பு அலையடிக்கும். 45 அங்குல அகலத் துணியில் இரண்டரை அங்குலப் பட்டிகள் எட்டு வெட்டி, மூலைவாட்டாகப் பொருத்த வேண்டும். நேராகப் பொருத்தினால் ஒரே இடத்தில் கன மடிப்பு சேர்ந்து மெசின் ஊசி முறியும். பட்டியை நெடுக்காக இரண்டாக மடித்து அயன் பண்ணி, கால் அங்குலம் விட்டுத் தைத்துக்கொண்டு போய், மூலைக்குக் கால் அங்குலம் முன்னரே நிறுத்துங்கள். பட்டியை மேலே மடித்து மறுபடி கீழே இறக்கினால் மூலை கூராக நிற்கும். ஒரு தையல் கூடப் போய்விட்டாலும் மூலை உருண்டுவிடும். பிரித்துத்தான் தைக்க வேண்டும்.

பட்டியைப் பின்பக்கம் திருப்பிக் கையால், கால் அங்குலத்துக்கு ஒரு மறைதையல். மிஞ்சிய பட்டியில் ஒரு சாணளவு துண்டை மடித்து அடித்துணியின் ஒரு மூலையில் லேசாகத் தைத்துவிடுங்கள். போர்வையோடு சேர்ந்து அதுவும் தோய்ந்து வெளிறும். பிறகு விளிம்பு கிழியும்போது ஒட்டுப்போடுவதற்கு அதே நிறத்தில் துணி கையில் இருக்கும்.