பால் கொடுக்கும்போது கரு தங்காதா?

தங்காமலிருக்க மூன்றும் ஒன்றாகப் பொருந்த வேண்டும்: குழந்தைக்கு 6 மாதம் நிறையவில்லை, மாதவிடாய் திரும்பவில்லை, தாய்ப்பால் மட்டுமே உணவு. அப்படியிருந்தால் 100 பேரில் சுமார் 98 பேருக்குக் கரு தங்காது. ஒன்று தவறினாலும் அன்றே வேறு கருத்தடை முறைக்கு மாறிவிடுங்கள்.

பலரும் சறுக்குவது இடைவெளியில்தான். பகலில் 4 மணி நேரத்துக்கு மேலோ இரவில் 6 மணி நேரத்துக்கு மேலோ பால் கொடுக்காமல் இருக்கக்கூடாது. குழந்தை மார்பில் சப்புவதுதான் கருமுட்டை வெளியாக வைக்கும் ஹார்மோன்களை அடக்குகிறது. பால் பவுடரோ தண்ணீரோ நுழைந்தால் சப்புவது குறைந்துவிடும். பம்பில் எடுத்துக் கொடுத்தாலும் அதே பலன் கிடைக்காது.

பிரசவத்துக்குப் பிந்தைய முதல் 8 வார உதிரப்போக்கு கணக்கில் வராது. அதன்பின் தொடர்ந்து 2 நாள் உதிரம் பட்டாலே மாதவிடாய்தான். 'இன்னும் வரலையே' என்று 7ஆம் மாதமும் நம்பியிருக்காதீர்கள், தயவுசெய்து. முதல் மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளியாகலாம். ஆணுறை, காப்பர் டி இரண்டுமே தாய்ப்பாலைப் பாதிக்காது.