ட்ரோன், செயற்கைக்கோள், பகிர்ந்த அலைக்கற்றை: ஆய்வேட்டுக்கு எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

ட்ரோன் ஒரு பறக்கும் டவராகத் தரையிலுள்ள பயனர்களுக்குச் சிக்னல் தருகிறது, அதே அலைவரிசையில் தரைநிலையத்தின் டிஷ் செயற்கைக்கோளின் சிக்னலைப் பிடிக்கிறது, ட்ரோன் அதைக் கெடுக்காமல் இருப்பது எப்படி என்பதுதான் இங்கே கேள்வி. இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் பலரும் நேராக ஆப்டிமைசேஷனுக்குள் (சிறந்த விடையைத் தேடும் கணக்கு) குதித்துவிடுகிறார்கள். ட்ரோனின் பாதையையும் பவரையும் மாறி மாறித் திருத்துகிற புரோகிராம் ஓடி, கிராஃப் அழகாக வந்துவிட்டால் வேலை முடிந்த மாதிரி. ஆனால் வைவாவில் என்னைக் குடைந்து எடுத்தது, ட்ரோன் ஏன் அந்த உயரத்தில் பறக்கிறது என்ற கேள்விதான்.

அதனால் முதலில் தாளில் படம் போடுங்கள். புவிநிலைச் செயற்கைக்கோள் (வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிவது) 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, 20 கிகாஹெர்ட்ஸில் அதன் சிக்னல் கீழே வருவதற்குள் ஏறத்தாழ 210 டெசிபல் இழக்கிறது (ஒவ்வொரு 10 டெசிபல் இழப்புக்கும் பவர் பத்தில் ஒரு பங்காகும்). 550 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கு, அது நேர் தலைக்கு மேலே வரும்போதுகூட 173 டெசிபல். கால்குலேட்டரில் நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால், தரைநிலையம் எவ்வளவு மெலிந்த சிக்னலைப் பிடிக்கிறது, அதே அலைவரிசையில் பக்கத்தில் இன்னொருவர் பேசினால் ஏன் வில்லங்கம் என்பதெல்லாம் சொல்லாமலே விளங்கும்.

அடுத்து ஆன்டெனா. இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் எஸ்.465 பரிந்துரையில் ஒரு எளிய சூத்திரம் உண்டு: டிஷ் பார்க்கும் திசையிலிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறோமோ அதன் லாகரிதத்தை 25-ஆல் பெருக்கி, 32-இலிருந்து கழித்தால், அந்தத் திசையில் டிஷ் சிக்னலை எவ்வளவு பெருக்கிப் பிடிக்கும் என்பது டெசிபலில் கிடைக்கும். 5 டிகிரியில் 14.5 டெசிபல் வரும், 48 டிகிரியைத் தாண்டினால் மைனஸ் 10. இடைவெளி பவர் கணக்கில் சுமார் 280 மடங்கு! தரையில் நிற்கும் டவர் பெரும்பாலும் அந்த மைனஸ் 10 பக்கமே இருந்துவிடும், மேலே ஏறும் ட்ரோனோ டிஷ்ஷின் பார்வைக்குள்ளேயே போய்விடலாம். உயரம் கூடினால் பயனருக்கு மறைப்பில்லாத பாதை கிடைத்து குறைந்த பவரே போதுமாகும் என்பது உண்மைதான், ஆனால் அதே உயரம் தரைநிலையத்துக்கும் மறைப்பில்லாத பாதையைத் திறந்துவிடுகிறது. டிஷ் பார்க்கும் திசையை விட்டு ட்ரோனால் ஒதுங்க முடியும், டவரால் முடியாது. என் பார்வையில் இந்த ஆய்வின் உயிர் அங்கேதான்.

குறுக்கீட்டு வரம்பை, அதாவது வேண்டாத சிக்னல் டிஷ்ஷுக்குள் எவ்வளவு புகலாம் என்ற எல்லையை, வெறும் எண்ணாக மனப்பாடம் செய்யாதீர்கள். இரைச்சலைவிட 6 டெசிபல் கீழே என்றால், தரைநிலையத்தின் மொத்த இரைச்சல் சுமார் 1 டெசிபல் ஏறும். அவ்வளவுதான்.

சேனல் மாடல் (சிக்னல் வழியில் எப்படி மங்கும் என்ற கணித மாதிரி) விஷயத்தில் சோம்பல் வேண்டாம். எல்லா இணைப்புக்கும் ரேலே (நேர்ப் பாதையே இல்லை, சிதறி வரும் சிக்னல் மட்டுமே என்று கொள்ளும் மாதிரி) போட்டுவிட்டால் கேள்வி நிச்சயம். தரையிலுள்ள பயனருக்கு வரும் செயற்கைக்கோள் இணைப்புக்கு நிழல் படிந்த ரைசியன் (நேர்ப் பாதை உண்டு, ஆனால் மரம், கட்டடம் அதை மங்கச் செய்யும் என்று கொள்வது), ட்ரோனுக்குக் கோணத்தைப் பொறுத்து மாறும் நேர்ப்பார்வை நிகழ்தகவு (மறைப்பில்லாத பாதை கிடைக்கும் வாய்ப்பு) என்று பிரித்து எடுங்கள்.

அப்புறம் ஆப்டிமைசேஷன். இது குவிவற்ற கணக்கு (பல மேடுபள்ளங்கள் கொண்டது), கிடைப்பது பெரும்பாலும் சுற்றுவட்டாரத்தில் சிறந்த விடை மட்டுமே. ஆகவே வெவ்வேறு தொடக்கப் பாதைகளில் ஓட்டிப் பாருங்கள். ஒப்பிட, அசையாமல் நிற்கும் ட்ரோனையும் வைத்துக்கொள்ளுங்கள். பல விசிறி ட்ரோன் மிதமான வேகத்தில் நகர்வதைவிட அந்தரத்தில் நிற்கத்தான் அதிக பேட்டரி செலவழிக்கும் என்பதையும் அந்த ஒப்பீட்டில் சேர்த்துவிடுங்கள்.