ஷோகேஸுக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

எங்கள் ஹாலில் மூன்று சுவர்க் கடிகாரங்கள் இருந்தன. மூன்றும் என் கல்யாணத்துக்கு வந்த அன்பளிப்பு. ஒன்று ஓடாது, ஒன்று ஏழு நிமிடம் முந்தும், ஒன்று மட்டும் சரியாக ஓடும். எது சரி என்பது அத்தைக்கு மட்டும்தான் தெரியும். ஓடாத கடிகாரத்தைக் கழற்றலாம் என்று இருபது வருடத்தில் நான் நான்கு முறை சொல்லியிருக்கிறேன். "கொடுத்தவர்கள் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்பார் அத்தை. கொடுத்தவர்கள் ஒருமுறைகூட வரவில்லை.

போன தீபாவளிக்குப் பிறகு ஹாலைப் புதுப்பிக்கலாம் என்று பேச்சு வந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன் யாரிடமோ சொல்லி ஓர் இளைஞரை அனுப்பிவைத்தான். அவர் டேப் பிடித்து அளந்தார். 16 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. பிறகு லேப்டாப்பைத் திறந்து எங்கள் ஹாலை எங்களுக்கே காட்டினார். அது யாரோ ஒரு பல் டாக்டர் வீட்டு ஹால் மாதிரி இருந்தது. ஃபால்ஸ் சீலிங், தரை முழுக்க டைல்ஸ், டிவிக்குப் பின்னால் மரப்பலகை, மேலே 12 குட்டி விளக்குகள். எல்லாம் சேர்த்து 4,60,000 ரூபாய். பத்தடி உயரத்தில் முக்கால் அடியைச் சீலிங்குக்குத் தாரைவார்த்துவிட்டு, அதனால் வரும் இருட்டைப் போக்க 12 விளக்கு போடுவது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குப் புரியவில்லை. கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றில் கணக்காளராக இருக்கிறேன். பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வரத் தொடங்கிவிட்டால் வீட்டில் என் முகத்தையே பார்க்க முடியாது. ஆகவே எதைச் செய்வதானாலும் தை, மாசிக்குள் முடித்துவிட வேண்டும்.

முதலில் ஹாலைக் காலி செய்து பார்ப்போம், பிறகு யோசிக்கலாம் என்று சொன்னேன். காலி செய்வது என்றால் ஷோகேஸில் கைவைக்க வேண்டும். 1998-இல் டிவி வைப்பதற்காக மாமா செய்யச் சொன்னது அது. பிளைவுட்டில் சன்மைக்கா ஒட்டி, கண்ணாடிக் கதவு போட்டு, சுவரில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே இரண்டு தாஜ்மகால், கண்ணாடிப் படகு, பிளாஸ்டிக் ரோஜா, மகன் பள்ளியில் வாங்கிய கோப்பைகள், அரசு கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவி. அந்த டிவி ஓடி எத்தனையோ வருடம் ஆகிறது. மேலே கைத்தறித் துண்டு போர்த்தி, அதன்மேல் ஒரு பொம்மை.

அத்தையிடம் மெதுவாகத்தான் பேசினேன். "அதை எடுத்துவிட்டால் சுவர் மொட்டையாக இருக்குமே அம்மா" என்றார். கடைசியில் கோப்பைகளையும் ஒரு தாஜ்மகாலையும் வைத்துக்கொள்வது என்று உடன்பாடு. ஷோகேஸைப் பழைய சாமான் கடைக்காரர் 1,500 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். நான்கு பேர் சேர்ந்து நகர்த்தியபோது பின்னாலிருந்து ஒரு குளவிக்கூடு, பல்லி முட்டை ஓடுகள், சதுரங்கக் கறுப்புக் குதிரை ஒன்று, 1999-ஆம் வருட மின்கட்டண ரசீது எல்லாம் விழுந்தன. கூடவே ஒரு ஜன்னல்.

ஜன்னல் இருப்பது எங்களுக்குத் தெரியாது என்றில்லை. வெளியே சுற்றி நடந்தால் கதவு தெரியும். ஆனால் உள்ளே அப்படி ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்திருந்தோம். கதவு ஊறி, சட்டத்தோடு இறுகிப்போயிருந்தது. ஆசாரி வந்து விளிம்பை இழைத்து, கீலை மாற்றி, கொசுவலைச் சட்டமும் அடித்துக் கொடுத்தார். திறந்ததும் பக்கத்து மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே மலை தெரிந்தது. எங்கள் வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கிறது. கோட்டை மலையை அண்ணாந்து பார்க்காமல் இந்தப் பக்கம் யாரும் தெருவில் நடக்க முடியாது. 1791-இல் கிழக்கிந்தியக் கும்பினிப் படை ஏறிப் பார்த்து முடியாமல் திரும்பிய மலை. அதை வீட்டுக்குள்ளிருந்து பார்க்கலாம் என்பது கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குத் தெரியாமலே போயிருந்தது. அன்று மாலை ஆறு மணி வரை யாரும் விளக்கு போடவில்லை. மின்சாரம் போய்விட்டதோ என்று எதிர்வீட்டு அக்கா வந்து விசாரித்தார்.

ஷோகேஸ் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. அது நின்ற இடத்தில் மட்டும் தரை ரத்தச் சிவப்பாக, முகம் தெரிகிற மினுமினுப்போடு இருந்தது. மற்ற இடமெல்லாம் வெளிறிப்போய், ஆறிப்போன சாம்பார் நிறம். 1986-இல் வீடு கட்டியபோது போட்ட ரெட் ஆக்சைடு தரை அது, ஓரத்தில் கறுப்புக் கரையோடு. வெளிறியதற்குக் காரணம் வயது இல்லை, நான்தான். கறை போகட்டும் என்று பாத்ரூம் ஆசிட்டைக் கலந்து சில வருடம் கழுவியிருக்கிறேன். ரெட் ஆக்சைடு தரை என்பது நிறம் சேர்த்துத் தேய்த்த சிமென்ட்தான்; ஆசிட் பட்டால் சிமென்ட் அரிக்கும், மேல்பூச்சு போய்விடும். இந்தத் தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றுதான் அந்த இளைஞர் சொல்லியிருந்தார்.

சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவிக் காயவிட்டேன். தேங்காய் எண்ணெய் தேய்த்தால் பழைய நிறம் வரும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். வந்தது உண்மைதான். மறுநாள் காலை பேப்பர் எடுக்கப் போன என் வீட்டுக்காரர் வாசற்படி வரை வழுக்கிக்கொண்டே போனார். நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. மறுபடி சோப்பு, மறுபடி காயவைத்தல். பிறகு மெழுகு பாலிஷை மெல்லிய துணியில் தொட்டு, ஒரு நேரத்தில் இரண்டடி சதுரம் மட்டும் தேய்த்துக்கொண்டு வந்தேன். ஆசிட் ஆழமாகத் தின்ற இடங்கள் இன்னும் மங்கலாகவே இருக்கின்றன. ஜமக்காளம் எதற்கு இருக்கிறது?

உண்மையான வேலை சுவரில்தான். வீட்டை ஒட்டிய சந்துப் பக்கச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை ஓதம். பெயின்ட் கொப்பளித்து, உரித்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். மூன்று முறை சுரண்டி, பட்டி பார்த்து, மேலே பெயின்ட் அடித்திருக்கிறோம். மூன்று முறையும் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.

இந்த முறை வந்த பெயின்டர் அண்ணன் வயதானவர், பேச்சு குறைவு. சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், பிறகு என்னைக் கூப்பிடுங்கள்" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். வந்த வேலையை வேண்டாம் என்று சொன்ன ஆளை நான் அப்போதுதான் பார்த்தேன். போகிற போக்கில் ஒரு சோதனையும் சொல்லித்தந்தார். ஓர் அடி சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். தாளின் உட்பக்கம் வேர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது; அறைப் பக்கம் வேர்த்தால் அது காற்றிலுள்ள ஈரம். மாவுக் கவரை வெட்டி ஒட்டினேன். மறுநாளே உட்பக்கம் முத்து முத்தாக நின்றது.

வெளியே போய்ப் பார்த்தால் காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது, ஒன்றுக்கு இரண்டாக. மொட்டை மாடி மழைநீர்க் குழாய் சுவரின் காலடியிலேயே கொட்டுகிறது. போதாததற்கு, சந்துக்குச் சிமென்ட் போட்டபோது பழையதைப் பெயர்க்காமல் அதன்மேலேயே போட்டுவிட்டார்கள். இப்போது சந்து எங்கள் தரையைவிட நான்கு அங்குலம் உயரம். திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி செங்கல் அடியிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. தண்ணீரோடு கரைந்து வந்த உப்பு, தண்ணீர் ஆவியாகும் இடத்தில் கட்டி பிடித்து, பெயின்டை உள்ளிருந்து தள்ளுகிறது. மேலே பிளாஸ்டிக் மாதிரி பெயின்ட் அடித்து மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். மூன்று முறை நாங்கள் காசு கொடுத்துச் செய்த வேலை அதுதான்.

சந்தின் மட்டத்தைத் தாழ்த்த என்னால் முடியாது. குழாயை நீட்ட முடியும். ஒரு முழங்கையும் நான்கடி பிவிசி குழாயும் 340 ரூபாய். மார்கழிக் கடைசி வாரத்தில் சுவரைப் பூச்சு தெரிகிற வரை சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி எடுத்தோம். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். பிறகு ஆறு வாரம் அப்படியே விட்டோம். பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்தச் சொறி பிடித்த சுவரைப் பார்த்துத் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினார்கள்.

அந்த ஒரு சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு என்று அண்ணன் சொன்னதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். சுண்ணாம்பு அடித்த சுவர் மூச்சு விடும், ஈரம் வெளியே போகும் என்றார் அண்ணன். அத்தைக்கு அந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. நான் சுண்ணாம்புக் கல்லைப் பிளாஸ்டிக் வாளியில் கொட்டப் போனபோது ஒரு சத்தம் போட்டார் பாருங்கள். "வாளி உருகிவிடும், தகர டின் எடு!" தண்ணீர் ஊற்றியதும் உலை மாதிரி கொதித்தது. கண்ணில் தெறிக்கும் என்று என்னை இரண்டடி தள்ளி நிற்க வைத்தார். இரவு முழுக்க ஊறவிட்டு, மாமாவின் பழைய வேட்டியில் வடிகட்டி, கரைத்த கோந்து கொஞ்சம், நீலம் ஒரு சிட்டிகை. மோர் மாதிரி நீர்க்க இருக்க வேண்டுமாம். முதல் பூச்சு அடித்தபோது ஒன்றுமே தெரியவில்லை, ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தேன். மறுநாள் காலை வெளுத்திருந்தது. மூன்றாவது பூச்சுக்குப் பிறகு அந்தச் சுவரில் ஜன்னல் வெளிச்சம் விழுவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். சாய்ந்து உட்கார்ந்தால் மட்டும் முதுகு வெள்ளையாகிவிடும்.

மற்ற மூன்று சுவர்களுக்கு எமல்ஷன். 10 லிட்டர் ஆகும் என்றார் கடைக்காரர். கதவு, ஜன்னல் போக 360 சதுர அடி, இரண்டு பூச்சு 720, லிட்டருக்கு ஒரு பூச்சில் 120 சதுர அடி என்று வைத்தால் 6 லிட்டர். 7 வாங்கினேன், அரை லிட்டர் மிச்சம். இந்தப் பெருமையைக் கெடுத்தது நிறம். கடையில் வெண்ணெய் நிறமாக இருந்தது, வீட்டில் இரவு டியூப்லைட் போட்டதும் ஆஸ்பத்திரி வராந்தா ஆகிவிட்டது. குற்றம் பெயின்டில் இல்லை. எங்கள் டியூப்லைட் 6500 கெல்வின், நீலம் பாய்ந்த வெள்ளை. மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் எல்இடி பல்புகள் இரண்டு வாங்கி மூலைகளில் போட்டதும் வெண்ணெய் திரும்பி வந்தது. அடிப்பதற்கு முன்பே சின்ன டப்பா வாங்கி, இரண்டடி சதுரம் அடித்து, பகலிலும் இரவிலும் பார்த்திருக்க வேண்டும். டியூப்லைட்டைக் கழற்ற அத்தை விடவில்லை. அரிசியில் கல் பொறுக்க அதுதான் வேண்டுமாம். நியாயம்தான். தனி சுவிட்சில் இருக்கிறது.

சோபாவின் சட்டம் நல்ல மரம், ரெக்சின்தான் உரிந்துபோயிருந்தது. 40 அடர்த்தி நுரை மெத்தையும் பருத்தி உறையும் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தையில் ஒரு ஜமக்காளம் வாங்கினேன். பவானி ஜமக்காளம் என்று சொல்லி விற்றார், நான் பாதிதான் நம்பினேன். கிரானைட் பட்டறை ஒன்றில் 3 அடிக்கு 1 அடி வெட்டுத்துண்டு 600 ரூபாய்க்குக் கிடைத்தது. அது இப்போது ஜன்னல் திட்டின் மேல் கிடக்கிறது. பதின்மூன்று கிலோவுக்கு மேல் கனம். ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் நிறுத்திக்கொண்டு வந்தது என் வாழ்நாள் சாதனை. மொத்தச் செலவு 25,490 ரூபாய், ஷோகேஸ் விற்ற காசைக் கழிக்காமல்.

ஆனியில் நல்ல மழை பெய்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், சுண்ணாம்புச் சுவரின் அடியில் உள்ளங்கை அளவுக்கு ஈரம். பென்சிலால் அதைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன். அடுத்த மழைக்குக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தை மறைக்க அங்கே ஏதாவது மாட்டலாமே என்கிறார் அத்தை. ஓடாத கடிகாரத்தை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார்.