11 அடிக்கு முன்னாடி ஒரு புழு

எங்க பெரியப்பா ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். காட்பாடில காந்தி நகர் தாண்டி ஒரு மனை வாங்கிப் போட்டு, அதுல ரொம்ப வருஷமா சீமைக்கருவேலம் தான் வளந்துகினு இருந்துச்சு. இந்த வருஷம் திடீர்னு வீடு கட்டியே தீரணும்னு ஒரு வேகம். அப்ரூவல் வேலையெல்லாம் இன்ஜினியர் பாத்துக்குவாரு, ரூம் உள்ள எப்படி இருக்கும்னு 3டில பாத்தா நல்லாருக்கும்னு பேச்சு வந்தப்ப நான் வாய வெச்சுகினு சும்மா இருந்திருக்கலாம். "அதுக்கு எதுக்கு வெளிய காசு, நானே ஸ்கெட்ச்அப்னு 3டி வரையற சாஃப்ட்வேர்ல போட்டுத் தரேன்"ன்னுட்டேன். நாலு வீடியோ பாத்த தைரியம், வேற ஒண்ணுமில்ல.

பெரியப்பா போட்டது ஒரே கண்டிஷன். பெட்ரூம் உள்ளளவு 11க்கு 16 அடி. மனையடி சாஸ்திரத்துல 9 ஆகாது, 12 ஆகாது, 11 பேஷ், 16 பேஷ். சரி பெரியப்பான்னு வேலூர் சத்துவாச்சாரி வீட்டு மாடில, மே மாசத்துல, லேப்டாப் ஃபேன் கிரைண்டர் மாதிரி சத்தம் போட, மவுஸ இழுத்து இழுத்து கண்ணளவுல நாலு செவுரு எழுப்பி, டைமென்ஷன் போட்டேன். 11ன்னு காட்டுச்சு. வேல முடிஞ்சுதுடான்னு பிரிண்ட் எடுத்துகினு, தண்ணி தவிர மத்ததெல்லாம் இருக்கற பாலாத்து பாலத்த தாண்டி போய் குடுத்தேன்.

முதல்ல பாத்தது பெரியம்மா. "இன்னாடா இது, 11க்கு முன்னாடி புழு மாதிரி ஒண்ணு நெளியுது?"

பாத்தா, ~ 11'. நான் பிரிண்டர் மை இழுத்திருக்கும்னு சமாளிச்சேன். பெரியப்பா கண்ணாடிய கழட்டி தொடச்சு மாட்டிகினு பாத்தாரு. "அது புழு இல்ல. தோராயம்னு குறி. 11ன்னு சொல்ல மனசு வராம ஏறக்குறைய 11ன்னு சொல்லுது உன் கம்ப்யூட்டரு. அப்ப இது 11 இல்ல. 10 சொச்சம். சாஸ்திரத்துல சொச்சத்துக்கு பலன் எங்க எழுதிகீது காட்டு?" வேல பாத்த காலம் பூரா ஸ்டெப்புக்கு மார்க் போட்ட மனுஷன்கிட்ட என்னத்த பேசறது, பேப்பர சுருட்டிகினு வந்துட்டேன்.

ராத்திரி உக்காந்து நோண்டினேன். யூனிட்ஸ் செட்டிங்ல பிரிசிஷன், அதாவது அளவ எவ்ளோ நுணுக்கமா காட்டணும்ன்றது, 1/16 இன்ச்சுல இருந்துச்சு, அத 1/64க்கு மாத்தினா உண்மை வெளிய வருது: 10 அடி 11 இன்ச் 63/64. அதுக்கு முன்னாடியும் அதே புழு! அதாவது அந்த செட்டிங் காட்றத மட்டும் தான் மாத்தும், வரைஞ்ச கோடு எவ்ளோ தப்போ அவ்ளோ தப்பு அப்படியே உள்ள உக்காந்திருக்கும். இதுல லெங்த் ஸ்னாப்பிங்னு ஒண்ணு வேற, மவுஸ இழுக்கறப்ப தானா முழு அளவுல போய் ஒட்டிக்கறது, அது நமக்கு உதவி பண்றேன்னு கோட்ட சேர வேண்டிய மூலைல சேரவிடாம தலைமுடிய விட மெல்லிசா ஒரு சந்து விட்டு வெச்சிருக்கு. அதனால தான் ஹால்ல தரை நிரம்பவே மாட்டேன்னு அடம் புடிச்சிருக்கு, நான் சாஃப்ட்வேர்ல தான் கோளாறுன்னு திட்டிகினு இருந்தேன். கோட்டுக்கெல்லாம் ஆக்சிஸ் கலர், அதாவது அது போற நேர் திசைக்கு உண்டான கலர், போடச் சொன்னா சிவப்பு, பச்சை, நீலம்னு வரணும், எனக்கு ஒரு செவுரு மட்டும் கன்னங்கரேல்னு நிக்குது. கோணலாம்.

எல்லாத்தையும் அழிச்சேன். ஸ்னாப்பிங்க ஆஃப் பண்ணேன். இதுல விஷயமே, மவுஸ் திசைய காட்றதுக்கு, அளவு சொல்றதுக்கு கீபோர்டு. ஒரு க்ளிக், அந்தப் பக்கமா மவுஸ லேசா நகத்து, வலது ஏரோ கீய தட்டினா சிவப்பு ஆக்சிஸ விட்டு கோடு நகராது, இடதுக்கு பச்சை, மேல தட்டினா நீலம், அப்புறம் எந்தப் பொட்டியையும் க்ளிக் பண்ணாம சும்மா நம்பர அடிச்சு எண்டர். நான் கெத்தா 11 அடிச்சேன். கோடு காணாமப் போச்சு. ஜூம் பண்ணி தேடினா 11 இன்ச்சுல ஒரு குட்டி கோடு, பெரியம்மாவோட சாமி அலமாரி சைஸுக்கு. அடிக்குறி போடலன்னா அதுக்கு எல்லாமே இன்ச்சாம். இந்த சாஃப்ட்வேர கூகுள்கிட்டேர்ந்து 2012ல வாங்கின டிரிம்பிள், நெலம் அளக்கற கருவி பண்ற கம்பெனி. அப்ப பெரியப்பா மாதிரி தான இருக்கும்.

விடிகாலை மூணு மணிக்கு 11' வந்துச்சு. சுத்தமா, புழு இல்லாம. ஸ்க்ரீன போட்டோ புடிச்சு வெச்சுகிட்டேன்.

மனைல செவுரு எங்க வரும்னு மார்க் பண்ற அன்னைக்கு மேஸ்திரி என் பேப்பர வாங்கி ஒரு பார்வை பாத்துட்டு, "தம்பி, பூச்சு எங்க?"ன்னாரு.

"எந்தப் பூச்சு?"

"செங்கல்லுக்கு செங்கல் 11 வெச்சுகீற. அந்தாண்ட அரை இன்ச்சு, இந்தாண்ட அரை இன்ச்சு பூசனா உள்ள எவ்ளோ நிக்கும்? 11 அடி 1 இன்ச்சு வெச்சாதான் உன் 11 வரும். நாங்க நூல் கணக்குல பாக்கறோம், நீ இன்ச்சையே உட்டுட்ட."

நூல்னா எட்டுல ஒரு பங்கு இன்ச்சு. நான் ராத்திரி பூரா 64ல ஒரு பங்குக்கு அடிச்சுகினு, 64 பங்கையும் மொத்தமா கோட்ட விட்டிருந்தேன். பெரியப்பா என்ன பாக்கல. அதுக்கு பாத்திருந்தாலே பரவால்லன்ற மாதிரி இருந்துச்சு.

ஆனா கடவுள் இருக்காரு. மேஸ்திரியோட டேப்புல மொதல் அடி அறுந்து போய் எந்தக் காலமோ ஆச்சாம், "ஒரு அடி உட்டு புடிடா"ன்னு கைப்பையன்கிட்ட சொல்லிட்டு, அந்தாண்ட முளை அடிக்கறப்ப அத கூட்டிக்க ரெண்டு பேருமே மறந்துட்டாங்க. 11 அடி 1 இன்ச்சுல முளை. பெரியப்பா பேன்ட் பாக்கெட்டுலேர்ந்து புது டேப்ப எடுத்து, ஒண்ணும் பேசாம வெச்சு பாத்து, "10 அடி 1 இன்ச்சு"ன்னாரு. மேஸ்திரி தலைய சொறிஞ்சுகினு, "பூசனா 10 வரும் சார், 10ம் நல்ல அளவு தான?"ன்றாரு.

நல்ல வேள, முளையோட போச்சு. திரும்ப அளந்து, கயிறு கட்டி, கைப்பையன் கைல சுண்ணாம்ப அள்ளி கயித்த ஒட்டி தூவிகினே போனான். வெயில்ல அவனும் இன்னா பண்ணுவான், கை ஆடுது. முடிச்சுட்டு எல்லாரும் தள்ளி நின்னு பாத்தோம்.

பெரியம்மா தான் சொன்னாங்க. "இன்னாங்க, தரைலயும் அதே புழு கீது."